பல்பு மேல் போட்ட பழி: 1994 அம்பாசிடருக்கு ஹெட்லைட் வேலை

போன தை மாதம் திருவாரூரில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு, குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பத்தரை இருக்கும். ஆற்றங்கரை ரோடு. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆறடிப் பள்ளத்தில் வயல். தை மாதத்தில் எங்கள் பக்கத்து ரோடு எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை வாங்கத் தயங்குவார்கள். களம் கிடைக்காதவர்கள் பாதி ரோட்டை மறித்து நெல்லைக் காயப்போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் அதைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, பறக்காமலிருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கறுப்பு ரோட்டில் கறுப்புத் தார்ப்பாய், அதன் மேல் கறுப்புக் கல்.

அப்பா முன்சீட்டிலிருந்து "ஏய், ஏய், ஏய்" என்று கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். குவியலுக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது.

"கண்ணு தெரியலயா, லைட்டு தெரியலயாப்பா?"

"லைட்டுதாம்ப்பா."

"அப்ப பல்ப மாத்து."

அந்த ஒரு வார்த்தையை நம்பியதில் எனக்கு மூன்று மாதம் போனது.

வண்டி 1994 மாடல் அம்பாசிடர், டீசல். அப்பா இரண்டாவது கையாக வாங்கியது. எனக்குத் தொழில் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனர் பிடிக்கும் ஆசாமி நான், அவ்வளவுதான். அதனால் இதில் எது தவறாகப் போனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு வலது டூமை, அதாவது ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த விளக்குப் பாகத்தை, கழற்றினேன். வெளியே இருக்கும் குரோம் வளையத்தைத் திருப்புளியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே இன்னொரு வளையம், அதற்கு மூன்று சின்னத் திருகு. அவற்றைத் தளர்த்தித் திருப்பினால் ஏழு அங்குல வட்ட டூம் கையோடு வரும். பின்னால் ஹோல்டரைப் பிடுங்கினேன். பிடுங்க வரவில்லை. பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததில் பிளாஸ்டிக் பாதி என் கையிலும் மீதி பல்பு முள்ளிலுமாகப் பிரிந்தது. வயரின் மேல்தோல் கருகி, விரலால் தொட்டால் முறுக்கு மாதிரி உடைந்தது. பல்பின் பித்தளை வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் 100/90 என்று பொறித்திருக்கிறது, அதாவது பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் "நல்லா அடிக்கும் சார்" என்று போட்டுக் கொடுத்தது அது. கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10 ஆம்பியர். 100 வாட் என்றால் ஒன்றுக்கு 8.3, இரண்டுக்கும் ஏறத்தாழ 17 ஆம்பியர். முப்பது வருடப் பழைய வயரிலும் சுவிட்சிலும் அதை ஓட்டினால் வெளிச்சம் ரோட்டுக்குப் போகாமல் சூடாக ஹோல்டரில் இறங்கும். டூமுக்குள் இன்னொரு சேதம். பல்புக்கு நேர் மேலே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு வெந்து, அடுப்புக் கட்டிச் சுவர் மாதிரி பழுப்பாக ஒரு திட்டு. பூச்சு போன இடத்திலிருந்து ரோட்டுக்கு எதுவும் திரும்பாது.

கும்பகோணத்தில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். அம்பாசிடருக்கு ஹெட்லைட் பல்பு என்று கேட்டதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பழைய காலா, ஹெச்4 காலா?" எனக்குத் தெரியாத கேள்வி. பழைய ஏழு அங்குல டூம்களில் பல்பின் அடிவளையம் பி45டி என்னும் அளவு. இப்போது எல்லாரும் ஹெச்4 என்று சொல்லும் பல்பின் அடிவளையம் பி43டி. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், பின்னால் மூன்று முள்ளும் ஒன்றேதான், ஆனால் ஒன்றின் டூமில் மற்றது ஒழுங்காக உட்காராது. உட்காராததை அரத்தால் ராவி உட்கார வைத்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் இழை இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. வெளிச்சம் தென்னை மட்டையைத் தடவிக்கொண்டு போகும். ஆகையால் பழைய பல்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். வாயால் விளக்குவதைவிட அது நல்லது.

கடைக்காரர் மேசையில் பரப்பி வைத்தவை: பழைய காலில் சாதாரண 45/40 வாட் பல்பு, அதே காலில் ஹாலஜன் 60/55, அதே காலில் 100/90, ஹெச்4 பல்புக்கான புது டூம் ஜோடி, பிறகு நீலம் பூசிய "வெள்ளை வெளிச்ச" பல்பு, கடைசியாக விசிறி வைத்த எல்இடி பல்பு. எல்இடியைத்தான் அவர் இரண்டு தடவை எடுத்துக் காட்டினார்.

எல்இடியை ஏன் வாங்கவில்லை என்றால், ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழை உண்டு. பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடுதான் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தை வெட்டுகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவும் கண்ணாடியில் உள்ள வரிகளும், இழை இன்ன இடத்தில் இன்ன அளவில் இருக்கும் என்று நம்பிச் செய்தவை. அந்த இடத்தில் பட்டையான எல்இடியை வைத்தால் சுவரில் பார்க்க வெள்ளையாக, அகலமாக, ஆளை அசத்தும். ரோட்டில் எதிரே பைக்கில் வருபவர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்காலில் இறங்குவார். டூமோடு சேர்த்து எல்இடிக்கென்றே வடிவமைத்து முத்திரை வாங்கிய விளக்கு வேறு விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை. நீலம் பூசிய பல்பும் எனக்கு வேண்டாம். இழை கொடுக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அந்தப் பூச்சே விழுங்கிவிடும். ஈர ரோட்டில் அது இன்னும் மோசம்.

பல்பு வாங்கும்போது அடிவளையத்தில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கிறதா பார்க்கலாம். ஐரோப்பிய விதிப்படி சோதித்து ஒப்புதல் வாங்கியதற்கான முத்திரை அது. எண் 1 என்றால் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது, 4 என்றால் நெதர்லாந்தில். ஆஸ்ராம், பிலிப்ஸ் போன்றவற்றின் உறையிலேயே போலிகளும் வரும் என்பதால் இழையையும் பாருங்கள். நல்ல பல்பில் இழை நேராக, சுற்றுகள் சீராக, கண்ணாடி நடுவில் நிமிர்ந்து நிற்கும். போலியில் ஏதாவது ஒன்று குடித்தவன் மாதிரி சாய்ந்திருக்கும்.

"130 சதவீதம் கூடுதல்" என்றெல்லாம் உறையில் போட்ட பல்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரோட்டில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் விழும் வெளிச்சத்தை, விதி கேட்கும் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. மொத்த வெளிச்சம் இரண்டு மடங்கானது என்று அர்த்தமில்லை. இழையை இன்னும் சூடாக எரியவிட்டு வாங்கும் வெளிச்சம் என்பதால் ஆயுசு குறையும். தினமும் இரவில் ஓட்டுபவர் அடிக்கடி மாற்றவேண்டி வரும்.

நான் அன்றைக்கு எடுத்தது பழைய காலில் ஹாலஜன் 60/55, ஒரு ஜோடி, இரண்டு செராமிக் ஹோல்டர். டூமை மாற்ற மனம் வரவில்லை. கஞ்சத்தனம்தான்.

பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்பது பலருக்கும் தெரியும், ஏன் என்பது சிலருக்குத்தான் தெரியும். ஹாலஜன் பல்புக்குள் கொஞ்சம் அயோடின் அல்லது புரோமின் இருக்கும். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை அது பிடித்துக் கொண்டுபோய் மறுபடி இழையிலேயே சேர்க்கும். அந்தச் சுழற்சி நடக்கவேண்டுமானால் கண்ணாடி நல்ல சூட்டில் இருக்கவேண்டும், அதனால்தான் குவார்ட்ஸ் கண்ணாடியை இழைக்கு அவ்வளவு நெருக்கமாக வைக்கிறார்கள். விரல் எண்ணெயும் உப்பும் பட்ட இடம் தனியாகச் சூடேறிக் கண்ணாடி அங்கே கெட்டுப்போகும். நான் கவனமாகத்தான் இருந்தேன். உதவிக்கு நின்ற அக்கா மகன், கையில் பாதி கடலை மிட்டாயோடு, "மாமா, இதா மாமா?" என்று பல்பை நடுவில் பிடித்துத் தூக்கிக் காட்டினான். செல்போன் ரிப்பேர் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் வாங்கி வந்து துடைத்துக் காயவைத்து மாட்டினேன். அந்தப் பல்பு இன்னும் எரிகிறது.

மாட்டி முடித்து அன்று இரவு ஊர்க்கோடி வரைக்கும் ஓட்டினோம். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "இது பழசவிட மட்டமால்ல இருக்கு" என்றார்.

உண்மைதான். பழைய 100/90-ஐ எடுத்துவிட்டு 60/55 போட்டால் குறையத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஆனால் குறைந்த அளவு அதற்கு மேல் இருந்தது. இடது பக்கம் பல்பு அகல் விளக்கு மாதிரி செம்மஞ்சளாக எரிந்தது. ஒரே உறையில் வந்த ஜோடி. ஒன்று மஞ்சள், ஒன்று செம்மஞ்சள். இந்த இடத்தில் நான் மல்டிமீட்டரை எடுத்திருக்கவேண்டும். எடுக்காமல், பல்பு சரியில்லை என்று கடையில் போய்ச் சண்டை போட்டு ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தேன். மாற்றியதும் அதே செம்மஞ்சள்தான். கடைக்காரருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வழியைக் காட்டியவர் குடவாசலில் டிராக்டர் வயரிங் பார்க்கும் ஓர் அண்ணன். வண்டியைப் பார்க்கவே இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே, "பல்புல எத்தன வோல்ட்டு வருது தம்பி?" என்றார். தெரியாது என்றேன். "அத பாக்காம ஏன் பல்பா வாங்கிக்கிட்டுக் கெடக்குறீங்க?"

பார்த்தேன். முறை இது: இன்ஜின் ஓடவேண்டும், லைட் எரியவேண்டும், பல்பு ஹோல்டரில் மாட்டியபடியே இருக்கவேண்டும். ஹோல்டரைக் கழற்றி வெறும் வயரில் வைத்துப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும். கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த வயர்கூட முழு வோல்ட்டைக் காட்டும். பேட்டரி முனையில் 14.1 வோல்ட். வலது பல்பின் பின்னால் 11.6. இடது பல்பில் 11.1. அதாவது பேட்டரியில் கிளம்பிய மின்சாரத்தில் இரண்டரை, மூன்று வோல்ட் வழியிலேயே செலவாகிவிட்டது.

அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் பத்து சதவீதம் குறையும் என்று நினைப்போம், அப்படி இல்லை. வெளிச்சம் ஏறத்தாழ வோல்ட்டின் 3.4 மடிப்படி போகும், பத்து சதவீத வோல்ட் போனால் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். இந்தப் பல்புகளின் வெளிச்சத்தை அளப்பது 13.2 வோல்ட்டில். ஹெச்4 என்றால் பிரைட்டில் சுமார் 1,650 லூமென், டிம்மில் 1,000 லூமென். என் வண்டியின் 11.6 வோல்ட்டில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும், இடது பக்கம் பாதியைவிடக் கொஞ்சம் கூட. நான் எந்தக் கடையில் எந்தப் பல்பை வாங்கியிருந்தாலும் இதே கதிதான்.

அடுத்து, எங்கே செலவாகிறது என்று தேடவேண்டும். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பல்பின் எர்த் முள்ளிலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) வைத்தேன், லைட் எரியும்போதே. சரியான எர்த்தாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட் காட்டவேண்டும். வலதில் 0.4. இடதில் 0.9. ஆக இடது பக்கத்துச் செம்மஞ்சளுக்குக் காரணம் எர்த். கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால் உள் மட்கார்டில் ஒரு திருகில் முடிந்தது. திருகு இருந்தது, அதைச் சுற்றி இரும்பு இல்லை. துரு மட்டுமே. அம்பாசிடரின் டூமுக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் சக்கரக் குழியைப் பார்த்து இருப்பது. நடவுக் காலத்தில் எங்கள் ஊர் ரோட்டுச் சேறு எல்லாம் அங்கேதான் போய் அப்பும். களிமண் ஒரு முறை அப்பினால் மாதக்கணக்கில் ஈரத்தை விடாது. கடலோரத்தில், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பாசிட்டிவ் பக்கம் கதை வேறு. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்ச், அங்கிருந்து கிரில்லுக்குப் பின்னால் தோட்டா மாதிரிச் செருகும் இணைப்பு, அப்புறம்தான் பல்பு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுக் கூலி. சுவிட்சுக்கு மாற்று கிடைத்தாலும் இன்னும் பத்து வருடத்தில் அதே நிலைதான். அதற்கு மருந்து ரிலே.

ரிலே என்றால் பயப்படவேண்டாம். பழைய சுவிட்ச் இனிமேல் பல்புக்கு மின்சாரம் கொடுக்காது. ரிலேவுக்குக் கண்ணைக் காட்டும், அவ்வளவுதான். பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராகப் போகும். ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்: 30-க்கு பேட்டரி பாசிட்டிவ், 87-லிருந்து பல்புக்கு, 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் பழைய வயர், 85-க்கு எர்த். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. என் வண்டியில் நீலத்தில் சிவப்புக் கோடு போட்ட வயர் டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட். ஆனாலும் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துத்தான் வெட்டினேன். முப்பது வருடத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ. ஜப்பான் வழி வந்த சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அவற்றில் பல்பின் இரண்டு இழைக்கும் பொதுவான முள் எப்போதும் பாசிட்டிவாக நிற்கும். அங்கே இதே படத்தைப் போட்டு வயர் இழுத்தால் வேலை செய்யாது. சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் சோதித்துக்கொள்வது உத்தமம்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், ஆட்டோ வயர். வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரைப் போடாதீர்கள், வண்டி அதிர்வில் அது ஒடிந்துவிடும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ், ஒவ்வொரு ரிலேவுக்கும் தனித்தனியாக. இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ் வைத்தால் அது போகும்போது டிம்மும் பிரைட்டும் சேர்ந்து போய்விடும். ஆற்றங்கரை ரோட்டில் அது வேண்டாம். எர்த்துக்கு உடம்புத் தகட்டை நம்பாமல், இரண்டு பல்பிலிருந்தும் தனி வயர் இழுத்து பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன். வயரையெல்லாம் நெளிவுக் குழாயில் விட்டேன். அது அழகுக்காக இல்லை. வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பானெட்டுக்குள் வரும். குழாய் இருந்தும் ஒரு தடவை கடித்துவிட்டது. ஆனால் குழாயை மட்டும்.

இந்த வேலையோடு டூமையும் மாற்றினேன். ரிஃப்ளெக்டரில் அந்தப் பழுப்புத் திட்டு இருக்கும்வரை செய்வதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றுவது. உள்ளே துடைத்துப் பார்க்கலாம் என்று பஞ்சை விட்டேன். மிச்சமிருந்த வெள்ளியும் பஞ்சோடு வந்தது. அந்தப் பூச்சு அவ்வளவு மெல்லியது. ஏழு அங்குல வட்ட டூம் ஜீப்புக்கும் பயன்படும் அளவு என்பதால் தட்டுப்பாடு இல்லை. ஹெச்4 பல்புக்கானது, கண்ணாடி லென்ஸ், இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது என்று பார்த்து வாங்கினேன். இந்த டூமின் டிம் வெளிச்சம் சுவரில் நேர்கோடாக வந்து இடது பக்கம் மேலே ஏறும். ரோட்டோரம் நடப்பவரைக் காட்டுவதற்காக. வலது பக்கம் ஓட்டும் நாட்டு டூம் என்றால் அதே ஏற்றம் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். அப்படியாகப் பழைய கால் ஹாலஜன் ஜோடி கைவசம் மிஞ்சியது. மிட்டாய்க் கை பட்ட அந்தப் பல்பு இப்போது பெரியப்பா வீட்டு ஜீப்பில் இருக்கிறது.

பல்பை மாட்டும்போது அடிவளையத்தின் மூன்று காதில் அகலமானது மேலே வரும்படி வைத்து, கம்பிக் கிளிப்பைப் பூட்டி, மேலே ரப்பர் மூடியைப் போடவேண்டும். மூடியில் "டாப்" என்று இருக்கும் பக்கம் மேலே. அந்த ரப்பரைப் பலர் தொலைத்துவிடுவார்கள். அது இல்லாத டூமுக்குள் ஒரே மழையில் தண்ணீர் நிற்கும், சிலந்தி கூடு கட்டும்.

அளந்து பார்த்தேன். பேட்டரியில் 14.1, இரண்டு பல்பிலும் 13.6. பல்பு அதே 60/55 வாட்தான், 11.6 வோல்ட்டில் கொடுத்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு வெளிச்சம். சாயங்காலம் வாசலில் போட்டதும் அம்மா உள்ளேயிருந்து "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் கோணம் சரிசெய்யாமலே மூன்று நாள் ஓட்டினேன். எதிரே வந்த ஒவ்வொருவரும் பிரைட்டைத் தட்டித் தட்டித் திட்டினார்கள். மன்னார்குடியிலிருந்து வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டே கேட்டார். அவர் கேட்டதை எழுத முடியாது.

கோணம் வைக்கச் சமதளமும் சுவரும் வேண்டும். டெல்டாவில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் நெல் களம். எங்கள் ஊர்ச் சிமெண்டுக் களத்தின் ஓரத்தில் ஒரு கிடங்குச் சுவர். சாயங்காலம் வண்டியைச் சுவருக்கு நேராக, பல்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினேன். டயரில் காற்று சரிபார்த்து, டிரைவர் சீட்டில் அப்பாவை உட்காரவைத்து, டிக்கியைக் காலி செய்தேன். அம்பாசிடர் டிக்கியில் இரண்டு மூட்டை நெல் ஏற்றினால் மூக்கு எவ்வளவு தூக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். தரையிலிருந்து விளக்கு மையம் 74 செ.மீ. டிம் வெளிச்சம் 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. சுவரில் 64 செ.மீ. உயரத்தில் சாக்பீஸ் கோடு. டூமின் மேல் திருகு ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத் திருகு இடம் வலத்துக்கு. ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதை வைத்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது.

ரோட்டில் இறங்கினால் வெளிச்சம் மூக்குக்கு முன்னாலேயே கொட்டுகிறது. 30 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருட்டு. எங்கே தப்பு என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் களத்தில் மழைத் தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் வடிவதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. களம் சமதளம் இல்லை! தண்ணீர் வடியவேண்டும் என்பதற்காக நடு முதுகு உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். முதுகுக்கு இந்தப் பக்கம் என் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, அந்தப் பக்கச் சரிவில் சுவர். கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் வாங்கி மட்டம் பார்த்தேன்: முதுகு, சுவரடியைவிட 7 செ.மீ. உயரம். 10 செ.மீ. கணக்கு பார்க்கும் வேலையில் 7 செ.மீ. பிசகு.

தரை சரிவாக இருப்பது குற்றமில்லை. வண்டியும் சுவரடியும் ஒரே சரிவில் இருந்தால் போதும். களத்தின் நீளவாக்கில், முதுகுக்கு ஒரே பக்கமாக நிறுத்தி, ரைஸ்மில் பக்கத்துச் சுவரைப் பார்த்து மறுபடி வைத்தேன். இந்த முறை சரி. அந்தச் சாக்பீஸ் கோட்டை யாரும் அழிக்காமலிருக்கச் சுண்ணாம்பால் போட்டுவிட்டேன். இப்போது ஊரில் இரண்டு டாடா ஏஸும் ஒரு ஆம்னியும் அதே கோட்டில்தான் வந்து நிற்கின்றன.

இதெல்லாம் முடிந்தது சித்திரையில். அதற்குப் பிறகு பராமரிப்புதான். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் எங்கள் பக்கத்துக்கென்று சில உண்டு.

ஐப்பசி கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கும்போது சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை வயலோர ரோட்டில் போய்ப் பாருங்கள். பச்சைத் தத்துப்பூச்சியும் குருத்துப்பூச்சி அந்துகளும் வெளிச்சத்தைத் தேடி அப்படியே வந்து விழும். விவசாயத் துறையினர் விளக்குப்பொறி வைக்கச் சொல்வார்களே, நம் வண்டி ஓடும் விளக்குப்பொறி. அரை மணி ஓட்டினால் கண்ணாடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூச்சி மாவு அப்பிவிடும். காய்ந்தால் பசை மாதிரி. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி சூடாக இருக்கும்போது தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஆறியபின் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் துடைத்தால் சுரண்டாமல் வரும். பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள வண்டிக்காரர்கள் சுரண்டவே கூடாது.

மார்கழிப் பனியில் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மில், மெதுவாக. இதற்குப் பல்பில் மருந்து கிடையாது.

மாதம் ஒரு முறை ரப்பர் மூடி, எர்த் முனை, பேட்டரி முனை. பேட்டரி முனையில் வாசலின், ஹோல்டர் முள்ளில் சிலிகான் கிரீஸ் துளி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மல்டிமீட்டர்: பேட்டரியிலும் பல்பிலும் வித்தியாசம் முக்கால் வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ துரு ஆரம்பித்துவிட்டது. பேட்டரியிலேயே 15-ஐத் தொட்டால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஐந்து சதவீத வோல்ட் கூடினாலே பல்பின் ஆயுசு பாதியாகிவிடும். மாதாமாதம் பல்பு போகிறது என்று கடைக்கு நடப்பவர்கள் பலருக்கு வியாதி இதுதான்.

செத்த பல்பைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உள்ளே வெள்ளைப் புகை படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல், காற்று புகுந்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் வயசாகி எரிந்து முடிந்தது. இழை அறுந்த நுனியில் குமிழ் மாதிரி உருகியிருந்தால் வோல்ட் கூடுதல் என்று சந்தேகப்படலாம். சுத்தமாக ஒடிந்திருந்தால் நம் ரோட்டின் குலுக்கல். ஒன்று போனால் ஜோடியாக மாற்றுவேன், இன்னும் எரியும் பழையது டேஷ்போர்டு பெட்டியில் ஒரு தீப்பெட்டியோடும் திருப்புளியோடும் கிடக்கும்.

இந்தத் தை மாதம் அதே ரோடு, ஏறக்குறைய அதே நேரம். குவியல் தூரத்திலேயே தெரிந்தது. மேலே வைத்த கல் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. தாண்டிப் போனபிறகு பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், "பின்னாடி செகப்பு லைட்டு ஒண்ணுதான் எரியுது" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். இடது பக்கம். எர்த்.